நான் தூங்கும்போது சாப்பிடும் கார்

"உன் காரு நீ தூங்கும்போது சாப்பிட்டுக்குது. என் காரு சாப்பிடணும்னா நான் முழிச்சிருக்கணும்டா."

அக்கா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பேன். சீட்டைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கோ மணி சொல்வது போல் சொன்னாள். அப்போது இரவு பதினொன்றரை. ஒரு சார்ஜிங் நிலையத்தில் இருந்தோம். அவள் எலெக்ட்ரிக் கார் வாங்கி அப்போது எட்டு மாதம். வாங்கச் சொன்னவன் நான். அடுத்த மாதமே அதை நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஹைப்ரிட் ஒன்றை எடுத்தாள். இப்போது அவளுக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்குத்தான் அந்த ஒரு வாக்கியம் செரிக்கவே இல்லை.

எலெக்ட்ரிக் காரைப் பற்றி யார் கேட்டாலும் நான் ஒப்பிக்கும் பாடம் ஒன்று இருந்தது. "ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுவீங்க?" என்று கேட்பேன். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் என்பார்கள். "வண்டி ஒரு சார்ஜுக்கு இருநூறுக்கு மேல போகுது. அப்புறம் என்ன பயம்?" என்று முடித்துவிடுவேன். எனக்கு வாய்த்த அனுபவம் அப்படி. கார் வாங்குவதற்கு முன்பு 90 நாள் ஒவ்வொரு பயணத்தையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அதில் 100 கிலோமீட்டரைத் தாண்டிய நாட்கள் மூன்றே மூன்று. அந்த மூன்று நாளுக்காக மீதி 87 நாளும் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருப்பது முட்டாள்தனம் என்று முடிவுகட்டினேன். மூன்று வருடமாக என் எலெக்ட்ரிக் கார் ஓடுகிறது, முடிவில் தவறில்லை. அந்த நோட்டைக் காட்டித்தான் அக்காவையும் வாங்க வைத்தேன். என் நோட்டில் எத்தனை கிலோமீட்டர் என்று இருந்தது. ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. எழுதத் தோன்றவில்லை, ஏனென்றால் அது எப்போதும் ஒரே இடத்தில்தான் நின்றது: என் வீட்டுச் சுவரை ஒட்டி, என் பிளக் பாயிண்டுக்கு இரண்டடி தள்ளி.

யூனிட் கணக்கு

பெட்ரோல் எவ்வளவு அசாத்தியமான பொருள் என்று எலெக்ட்ரிக் கார் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது, கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட். 40 லிட்டர் டேங்க் என்றால் 350 யூனிட்டுக்கு மேல். என் காரின் பேட்டரியோ மொத்தமே 40 யூனிட். இந்த ஏழ்மையோடு அது இருநூறு கிலோமீட்டருக்கு மேல் எப்படி ஓடுகிறது என்றால், மோட்டார் அவ்வளவு சிக்கனம். வாங்கிய மின்சாரத்தில் 85, 90 சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். பெட்ரோல் இன்ஜின் தான் குடித்ததில் முக்கால் பங்கு வரை சூடாக ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் ஊதித் தள்ளிவிடுகிறது. அது பணக்கார வீட்டு ஊதாரிப் பிள்ளை. என் கார் சம்பளக்காரன் வீட்டுப் பிள்ளை.

ஆனால் ஊதாரிக்கு ஒரு வசதி இருக்கிறது. கை காலியானால் உடனே நிரப்பிக்கொள்ளலாம். பெட்ரோல் பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஊற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், ஆற்றல் கணக்கில் அது 16 மெகாவாட்டுக்குச் சமம். அந்த ரப்பர் குழாயைக் கையில் பிடித்திருக்கும்போது ஒரு சின்ன மின்நிலையத்தையே பிடித்திருக்கிறோம். இன்று சாலையோரம் இருக்கும் வேகமான கார் சார்ஜர்களில் பலவும் 350 கிலோவாட் பக்கம்தான், பெரும்பாலானவை அதிலும் வெகு குறைவு. மோட்டாரின் சிக்கனத்தையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் இந்தப் பந்தயத்தில் மின்சாரம் பெட்ரோலைப் பிடிக்காது.

பிடிக்கவும் வேண்டாம் என்பதுதான் என் கட்சியாக இருந்தது. சாதாரண 10 ஆம்பியர் பிளக் 2.3 கிலோவாட் கொடுக்கும். எட்டு மணி நேரத்தில் 18 யூனிட். வழியில் கொஞ்சம் சேதாரம் போனாலும் 100 கிலோமீட்டர் ஓடப் போதும். 7.4 கிலோவாட் சார்ஜரைச் சுவரில் மாட்டிவிட்டால் படுக்கப் போகும்போது காலியாக இருக்கும் பேட்டரி விடிவதற்குள் நிரம்பிவிடும். தூங்குகிறவனுக்கு வேகம் எதற்கு? இந்தக் கேள்வியைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்து எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! அதற்குள் ஒரு வீடு, ஒரு சுவர், ஒரு மீட்டர் எல்லாம் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. என் வசதியை என் புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த இரவு

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வாடகை வீடு, நான்காவது மாடி. கார் நிற்பது கீழ்த்தளத்தில் எண் போட்ட ஒரு கட்டத்துக்குள். மின்மீட்டர்கள் கட்டிடத்தின் இன்னொரு மூலையில். பிளக் பாயிண்ட் கேட்டபோது குடியிருப்போர் சங்கம், "லோடு தாங்குமான்னு பாக்கணும்" என்றது. பிறகு "தீப்பிடிச்சா யாரு பொறுப்பு?" என்றது. பிறகு "அடுத்த கூட்டத்துல பேசலாம்" என்றது. வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். வாடகைக்கு இருப்பவளுக்காகச் சங்கத்தோடு சண்டை போடும் அளவுக்கு நல்லவர் இல்லை, அவ்வளவே.

ஆஸ்பத்திரி போய்வர தினம் 70 கிலோமீட்டர். இரண்டு நாளைக்கு ஒரு தடவை, டியூட்டி முடிந்து வரும் வழியில் ஒரு நிலையத்தில் சார்ஜ் போட்டுக்கொள்வாள். போனில் அவ்வப்போது சலித்துக்கொள்வாள். நான் அவளுக்குப் புள்ளிவிவரம் சொல்வேன். நார்வேயில் 2024ஆம் ஆண்டு விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எலெக்ட்ரிக், அந்தக் குளிரிலேயே ஓட்டுகிறார்கள் என்றேன் ஒரு நாள். "நார்வேலயா என் பார்க்கிங் இருக்கு?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

அன்று அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துக்கொண்டு வர வேண்டிய ஒரு சந்தர்ப்பம். அவள் காரில்தான் வந்தோம், ஓட்டியது நான். பேட்டரி 18 சதவீதம் காட்டியது. நிலையத்தை அடைந்தபோது பத்தே முக்கால். மூன்று சார்ஜர்கள். ஒன்றின் திரை ஏதோ எழுத்துகளோடு உறைந்து நின்றது. இன்னொன்றின் கன், அதாவது காரில் செருகும் முனை, எங்கள் வண்டிக்குப் பொருந்தாத வகை. மூன்றாவதில் ஒரு கார், 84 சதவீதம். "பதினாறுதானே, பத்து நிமிஷம்" என்று நான் வாய் திறந்து சொன்னேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

எனக்கும் தெரிந்திருக்க வேண்டும், படித்திருக்கிறேன். படியில் நெல் அளப்பவர் முதலில் மடமடவென்று கொட்டுவார். விளிம்பை நெருங்கியதும் கை மெதுவாகும், குலுக்குவார், கடைசியில் தலைதட்டுவார். லித்தியம் பேட்டரியும் அப்படித்தான். 80 சதவீதத்துக்கு மேல் மின்னழுத்தம் எல்லையை நெருங்கிவிடும். அதே வேகத்தில் தள்ளினால் செல் கெடும் என்பதால் கார் தானே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் எல்லா விளம்பரமும் "10லிருந்து 80 வரை அரை மணி" என்று 80ஓடு நிறுத்திக்கொள்கின்றன. மிச்சம் 20க்கு அதே அளவு நேரம் ஆகலாம். இதெல்லாம் எனக்கு வரைபடத்தில் தெரிந்த வளைவு. அன்றுதான் அதை ஆள் அரவமற்ற ஒரு இடத்தில் உட்கார்ந்து அனுபவித்தேன். 84, 85 ஆனது. நீண்ட நேரம் கழித்து 86. அந்தக் காருக்கு உரியவரைக் காணவில்லை. எங்கேயோ நிம்மதியாக இருந்தார். 100 ஆகட்டும் என்று விட்டுவிட்டுப் போயிருப்பார், என் பாடத்தைக் கேட்டு வாங்கிய இன்னொருவராகக்கூட இருக்கலாம்.

அப்போதுதான் அக்கா அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

அந்தக் கார்க்காரர் வந்து வண்டியை எடுத்தபோது பன்னிரண்டாகப் பத்து நிமிடம். எங்கள் முறை. அக்கா கண்ணைத் திறக்காமலே போனை எடுத்து ஆப்பைத் திறந்து கொடுத்தாள். அந்த நிறுவனத்தின் ஆப் தனி, இன்னொன்றுக்குப் போனால் வேறு ஆப். ஒவ்வொன்றிலும் முன்பணம் கொஞ்சம் கிடந்தது. முதல் தடவை இணைப்பு அறுந்தது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. 80 ஆக நாற்பது நிமிடம். நான் வெளியே நின்று எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சீருடையோடு தூங்கினாள். காலை ஏழு மணிக்கு அவளுக்கு மறுபடியும் டியூட்டி. எட்டு மாதமாக இரண்டு நாளைக்கு ஒருமுறை, நான் இல்லாமல், தனியாக அவள் இதைச் செய்துகொண்டிருந்தாள். என்னிடம் போனில் அவள் சலித்துக்கொண்டபோதெல்லாம் நான் கிலோவாட் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த நாற்பது நிமிடத்தில் நின்றபடியே ஒரு கணக்குப் போட்டேன். தினம் 70 கிலோமீட்டருக்கு அவளுக்கு வேண்டியது 10, 11 யூனிட். சாதாரண பிளக்கில் ஐந்து மணி நேரம். அவள் கார் ஆஸ்பத்திரி வாசலில் எட்டு மணி நேரம் சும்மா நிற்கிறது. வீட்டின் கீழே இன்னும் பத்து மணி நேரம் சும்மா நிற்கிறது. இந்த இரண்டு இடத்தில் ஏதாவது ஒன்றில், இஸ்திரிப் பெட்டியைச் செருகும் அளவுக்கு ஒரு பாயிண்ட் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இருப்பதென்னவோ, போகும் வழியில் ஒரு ராட்சத சார்ஜர். நெடுஞ்சாலையில் தூரப் பயணம் போகிறவனுக்கு அது வரம். தினப்படி ஓட்டுகிறவளுக்கு அது வேண்டாத இடத்தில் கிடைக்கும் வேகம்.

நூறு வருடத்துக்கு முன்பும் இதுவேதான் நடந்திருக்கிறது. மாடல் டி என்ற பெட்ரோல் காரை லட்சக்கணக்கில் இறக்கிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் கார், 1914ஆம் ஆண்டு மாடல். அன்றைய பெட்ரோல் கார்களைக் கைப்பிடி போட்டுச் சுழற்றிக் கிளப்ப வேண்டும், பிசகினால் கை முறியும். மின்சாரக் காரில் அந்தத் தொல்லை இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் மின்கம்பி நகரத்துக்குள்தான் இருந்தது. கிராமத்துக்குக் கம்பி போகாத காலத்திலும் பெட்ரோல் தகர டப்பாவில் போய்ச் சேர்ந்தது. 1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டரும் வந்தபின் கைப்பிடித் தொல்லையும் ஒழிந்தது, மின்சாரக் கார்களின் கதை முடிந்தது. காரின் குணத்தால் மட்டும் அவை தோற்கவில்லை. கம்பி எங்கே இருந்ததோ அங்கேயே நின்றுவிட்டன. கிளாரா ஃபோர்டுக்குப் பிரச்சினை இல்லை, அவர் வீட்டில் மின்சாரம் இருந்தது. எனக்கும்தான்.

ரெண்டுங்கெட்டான்

ஹைப்ரிட்டை நான் மதித்ததே இல்லை. ரெண்டுங்கெட்டான் என்பேன். இன்ஜினும் சுமக்க வேண்டும், மோட்டாரும் சுமக்க வேண்டும், கடைசியில் பெட்ரோலும் போட வேண்டும். அக்கா எடுத்தபின் அதை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். இப்போது அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

டொயோட்டா பிரியஸ் 1997 டிசம்பரில் வந்தபோது கொண்டுவந்த யோசனையின் அழகே அதில் பிளக் இல்லாததுதான். சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல அமைந்த ஒரு பல்சக்கரத் தொகுதியில் இன்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் கோத்துவிட்டார்கள். எது எவ்வளவு இழுக்க வேண்டும் என்று நொடிக்கு நொடி கணினி பங்கு பிரிக்கிறது. பேட்டரி ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் அளவில்தான் இருக்கும். பிரேக்கில் வீணாகும் வேகத்தைப் பிடித்து வைத்து, அடுத்த சிக்னலில் வண்டியைக் கிளப்பக் கொடுப்பதற்கு அது போதும். முழுக்க நிரப்பவும் விடாது, முழுக்க வடியவும் விடாது, நடுவிலேயே வைத்திருக்கும். ஹைப்ரிட் பேட்டரிகள் வருடக்கணக்கில் உழைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்ஜினும் வேறு மாதிரி: இழுவையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் அட்கின்சன் சுழற்சி. அந்த இழுவைக் குறையை மோட்டார் ஈடுகட்டிவிடும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது பாதி நேரம் இன்ஜின் அணைந்தே இருந்தது. இத்தனைக்கும் அக்கா இதில் எதையும் கவனிப்பதில்லை. பெட்ரோல் முள் இறங்கினால் போடுகிறாள், ஐந்து நிமிடத்தில் கிளம்புகிறாள். தன்னைப் பற்றி யோசிக்கவே விடாத வண்டி அது. தினப்படி ஓட்டுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய குணம் என்ன இருக்கிறது?

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கடைசியில் பெட்ரோலிலிருந்து வருவதுதான். ஹைப்ரிட் ஊதாரிப் பிள்ளையைத் திருத்துகிறது, வேறு பிள்ளையாக மாற்றுவதில்லை.

இடையில் பிளக்-இன் ஹைப்ரிட் என்று ஒன்று இருக்கிறதே, செருகிச் சார்ஜும் போடலாம், பெட்ரோலிலும் ஓடும், இரண்டுக்கும் பொதுவாக அதை எடுக்கலாமே என்று நான் மறுபடியும் ஆலோசனை சொல்லப் போனேன். புத்தி வந்துவிடவில்லை பாருங்கள். "செருக இடம் இருந்தா நான் ஏன்டா பழசையே வித்திருப்பேன்?" என்றாள். அவள் ஒரே கேள்வியில் சொன்னதைத்தான் ஐரோப்பிய ஆணையம் லட்சக்கணக்கான கார்களின் தரவைத் திரட்டி 2024இல் சொன்னது. சாலையில் உண்மையாக ஓடும் பிளக்-இன் ஹைப்ரிட்கள் சோதனையில் காட்டிய அளவைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு வெளியிடுகின்றன. சாதாரண பெட்ரோல், டீசல் கார்களில் இந்த வித்தியாசம் 20 சதவீதம் அளவுக்குத்தான். பிளக்-இன் வண்டி நல்ல வண்டிதான், சோதனையில் நினைத்த அளவுக்கு யாரும் செருகுவதில்லை. சார்ஜ் ஏறாத பேட்டரியை டிக்கிக்கு அடியில் மூட்டையாகச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடுகிறார்கள். தினம் தவறாமல் செருகுகிறவருக்கு மட்டும் அது ஏற்றது. அப்படி ஒருவருக்குப் பெரும்பாலும் முழு எலெக்ட்ரிக்கே போதும்.

மற்ற பயங்களைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. பேட்டரி செத்துவிடுமா என்கிறார்கள். 2010இல் வந்த முதல் நிசான் லீஃப் போன்ற வண்டிகளில் பேட்டரியைக் குளிரவைக்கத் திரவ ஏற்பாடு இல்லாததால் வெப்பமான இடங்களில் சீக்கிரம் தேய்ந்தது உண்மை. இன்று பெரும்பாலானவற்றில் அது இருக்கிறது, எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டருக்கு 70 சதவீதமாவது மிஞ்சும் என்று உத்தரவாதம் தருவது வழக்கமாகிவிட்டது. குளிரில் தூரம் குறையும், ஏனென்றால் இன்ஜின் வீணடிக்கும் சூட்டில் ஓசியாகக் குளிர்காய முடியாது. நெடுஞ்சாலையில் வேகமாகப் போனாலும் குறையும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி ஏறுகிறது, வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பெட்ரோல் கார் நெரிசலில் திணறும், சாலை விரிந்தால் சிக்கனமாகும். எலெக்ட்ரிக் கார் அப்படியே தலைகீழ். டயர் கொஞ்சம் சீக்கிரம் தேயும், பிரேக் கட்டை லேசில் தேயாது. என் கார் மூன்று வருடத்தில் என்னை நடுவழியில் விட்டது ஒரே தடவை. அதுவும் பெரிய பேட்டரி அல்ல, ஏறக்குறைய எல்லா கார்களிலும் இருக்கும் அந்த 12 வோல்ட் சின்ன பேட்டரி செத்துப்போனதால். பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சை மூடுவதற்கே அந்தச் சின்னதின் மின்சாரம் வேண்டுமாம். காலுக்குக் கீழே 30 யூனிட் கிடக்க, கதவுகூடத் திறக்காமல் நின்றேன். பூசாரி வராததால் சாமி பட்டினி கிடந்த கதை.

சமீபத்தில் அலுவலகத்தில் ஒருவர் வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார். எலெக்ட்ரிக்கா, ஹைப்ரிட்டா? பழைய நோட்டை நான் எடுக்கவில்லை. வீடு எப்படி, வண்டி எங்கே நிற்கும், எந்த மீட்டர், யாரிடம் கேட்க வேண்டும், அவர் கொடுப்பாரா என்று கேட்டுக்கொண்டே போனேன். "கார் வாங்கலாமான்னு கேட்டா பொண்ணு பாக்க வந்த மாதிரி விசாரிக்கிறீங்களே சார்" என்றார். அவருக்குச் சொந்தச் சுவர் இருந்தது. எலெக்ட்ரிக் எடுத்திருக்கிறார்.

போன வாரம் அக்காவிடமிருந்து போன். அவர்கள் கீழ்த்தளத்தில் கார் சார்ஜ் போட மூன்று பாயிண்ட் வைக்கப் போகிறார்களாம். சங்கத் தலைவரின் மகன் எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறானாம். நான் ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன். பிறகு, "அப்ப அடுத்த வண்டி..." என்று ஆரம்பித்தேன்.

"போடா" என்று வைத்துவிட்டாள்.